விளக்குக்கு எது தெரியும்?

நம் வீட்டுச் சுவிட்ச் போர்டின் ஒரு மூலையில் குன்றிமணி அளவில் செம்மஞ்சளாய் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். இண்டிகேட்டர் என்போம். நள்ளிரவில் விசிறி நின்று புழுக்கத்தில் விழிப்பு வந்தால் கண் முதலில் அதைத்தான் தேடும். அது எரிந்தால் கரண்ட் இருக்கிறது, கோளாறு விசிறியில். அணைந்திருந்தால் கரண்ட் போய்விட்டது, பனையோலை விசிறியைத் தேட வேண்டியதுதான்.

விசிறி ஓடுகிறதா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. போர்டுக்கு வந்து சேரும் இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே, எல்லா சுவிட்சுகளுக்கும் முன்னால், அது உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் மின்னழுத்தம் இருக்கிறதா என்ற ஒரே கேள்விக்குத்தான் அதனிடம் பதில் உண்டு. ஒரு சுவிட்சுக்கு நிலைகாட்டும் விளக்கு வைப்பது அரை மணி நேர வேலை. ஆனால் விளக்கின் இரண்டு கால்களை எங்கே கொண்டுபோய்ப் பற்றவைக்கிறோம் என்பதில்தான் அந்த வேலையின் முழு அறிவும் இருக்கிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அம்மாவின் மாடித்தோட்டம்.

மொட்டைமாடியில் ஒரு தண்ணீர் டிரம். அதன் பக்கத்தில் சிறிய 12 வோல்ட் டயாபிரம் பம்பு. அங்கிருந்து தொட்டிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய். அடாப்டரும் சுவிட்சும் கீழே, சமையலறைச் சுவரில். பம்பு ஓடும்போது என் மல்டிமீட்டர் 0.6 ஆம்பியர் காட்டியது. மாடியில் அது போடும் உறுமல் சமையலறைக்குக் கேட்காது. "ஓடுதா இல்லையான்னே தெரியலடா, ஒரு லைட்டு வச்சுக் குடு" என்றார் அம்மா.

முதலில் சுவிட்ச். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற கடைத்தெருக்களில் உள்ளேயே சிவப்பு விளக்கு பொருத்திய ராக்கர் சுவிட்ச் எளிதாகக் கிடைக்கும். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் அதை வாங்கி 12 வோல்ட்டில் மாட்டிவிட்டு, விளக்கு எரியவில்லையே என்று குழம்புவார்கள். அவற்றில் பல 230 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்கானவை. உள்ளே இருப்பது நியான் விளக்கு. சுவிட்ச் போர்டு இண்டிகேட்டர்களிலும் டெஸ்டரிலும் வழக்கமாக இருப்பது இதுவே. கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் நியான் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கவே 60 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட் அதை அசைக்காது. ஆகவே நான் சாதாரண டாகிள் சுவிட்ச் ஒன்றும், 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்இடி ஒன்றும் எடுத்துக்கொண்டேன்.

டாகிள் சுவிட்ச் வாங்கும்போது அதன் உடம்பில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 250 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் அது பெரும்பாலும் மாறுதிசை மின்னோட்டத்துக்கான கணக்கு. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுப் போவதால், தொடுமுனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி தானாக அணையும். பேட்டரி, அடாப்டரிலிருந்து வரும் நேர்திசை மின்னோட்டம் சுழியைத் தொடுவதே இல்லை. பொறி நீடித்துத் தொடுமுனையைக் கருக்கும். அதனால் நேர்திசைக்கு அந்த எண்ணை அப்படியே நம்பாமல் நிறைய மிச்சம் வைத்து வாங்க வேண்டும். 0.6 ஆம்பியருக்கு 3 ஆம்பியர் சுவிட்ச் தாராளம்.

இனி எல்இடி. பள்ளிப் பாடத்தில் ஒளி உமிழ் டையோடு என்று படித்திருப்பீர்கள். இரண்டு வகைக் குறைக்கடத்திகள் சந்திக்கும் எல்லையில், எலெக்ட்ரான் ஒன்று தனக்கான காலியிடத்தில் போய் விழுகிறது. விழும்போது விடுபடும் ஆற்றல் ஒளித்துகளாக வெளியேறுகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்து நிறம். சிவப்பு ஒளித்துகளுக்கு ஏறத்தாழ 1.9 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல், நீலத்துக்கு 2.6க்கு மேல். எலெக்ட்ரானை அந்த உயரத்துக்கு ஏற்றிவிடுவது நாம் கொடுக்கும் மின்னழுத்தம். அதனால்தான் சிவப்பு எல்இடி 1.8 முதல் 2 வோல்ட்டில் எரிகிறது. நீலமும், நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சு பூசி உண்டாக்கும் வெள்ளையும் 3 வோல்ட் கேட்கின்றன. நிறத்துக்கும் வோல்ட்டுக்கும் உள்ள இந்த உறவு எனக்கு இன்றும் வியப்புத்தான். மல்டிமீட்டரை வைத்தால் நிறத்தின் ஆற்றலை ஏறக்குறைய நேராகவே அளந்துவிடலாம். 1962இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோனியாக் சிவப்பு எல்இடியை எரியவைத்தார். போதிய ஒளியுள்ள நீலம் வர 1990கள் ஆயின. அந்த நீலத்துக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே கிடந்த அந்த ஒரு வோல்ட்டைக் கடக்க முப்பது ஆண்டு உழைப்பு.

எல்இடியை நேராக 12 வோல்ட்டில் கொடுக்கக் கூடாது. பழைய டார்ச் விளக்கின் டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாக மின்தடையைக் கூட்டிக்கொண்டு தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். எல்இடிக்கு அந்த அடக்கம் கிடையாது. தேவையான வோல்ட்டைத் தாண்டினால் மின்னோட்டம் மடமடவென ஏறி, ஒரு நொடியில் உள்ளே கருகிவிடும். எனவே அதனோடு தொடராக ஒரு ரெசிஸ்டர். கணக்கு ஓம் விதிதான்: 12 வோல்ட்டில் எல்இடி 2 எடுத்துக்கொண்டால் மிச்சம் 10. மின்னோட்டம் 10 மில்லிஆம்பியர் வேண்டுமானால் 1000 ஓம். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வளையமிட்ட ஒரு கிலோஓம் ரெசிஸ்டர். அதில் வெப்பமாகப் போவது பத்தில் ஒரு வாட் மட்டுமே, கால் வாட் ரெசிஸ்டர் சுடாது.

இது பல நூல்களில் உள்ள கணக்கு. நடைமுறையில் நான் 4.7 கிலோஓம் போடுகிறேன். இன்றைய எல்இடிகள் 2 மில்லிஆம்பியரிலேயே நன்றாகத் தெரிகின்றன. 10 மில்லிஆம்பியரில் இரவு நேரச் சமையலறையில் அது கண்ணைக் குத்தும். கவனத்தை ஈர்க்கும் விளக்கு வேறு, பார்த்தால் பதில் சொல்லும் விளக்கு வேறு.

நீண்ட கால் நேர்மின்வாய், குட்டைக் கால் எதிர்மின்வாய். கால்களை வெட்டிய பிறகு குழப்பம் வந்தால் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அது எதிர்மின்வாய். ரெசிஸ்டரை எந்தக் காலில் வைத்தாலும் ஒன்றுதான். தொடராக நிற்கும் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தானே ஓடுகிறது. பற்றவைக்கும் முன், சூடுபட்டால் சுருங்கி ஒட்டை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைக் கம்பியில் கோத்துவிட வேண்டும். பற்றவைத்த பிறகு அது மறுபக்கத்திலிருந்து நுழையாது. காலின் மேல் ஈயம் உருண்டையாக நின்றால் பிடிக்கவில்லை என்று பொருள். காலைச் சுற்றிப் பள்ளமாக வழிந்து பளபளத்தால் பிடித்துவிட்டது.

சரி, இப்போது எங்கே இணைப்பது? சுவிட்சுக்கு முன்னால் வைத்தால் போர்டு இண்டிகேட்டர் போல அடாப்டருக்குக் கரண்ட் வருகிறதா என்று மட்டும் சொல்லும். பம்போடு தொடராக வைத்தால் எல்இடி அனுமதிக்கும் சில மில்லிஆம்பியரில் பம்பு அசையாது. சுவிட்சுக்குப் பின்னால், பம்புக்கு இணையாக வைப்பதுதான் எல்லாரும் செய்வது. சுவிட்ச் போட்டால் எரியும், அணைத்தால் அணையும். அப்படித்தான் நானும் செய்தேன்.

நான்காவதாக ஓர் இடம் உண்டு, அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எல்இடியையும் ரெசிஸ்டரையும் சுவிட்சின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போது விளக்கு எரியும், போட்டால் அணையும். இருட்டில் சுவிட்ச் எங்கே என்று காட்ட காலிங் பெல் பொத்தான்களில் நியான் வைப்பது இந்த முறையில்தான். தலைகீழாகத் தோன்றினாலும் அது பம்பைப் பற்றி நிறைய அறிந்த விளக்கு. சுவிட்ச் திறந்திருக்கும்போது அதன் மின்னோட்டம் எல்இடி வழியாக மாடிக்குப் போய், பம்பின் சுருளுக்குள் நுழைந்து, திரும்பக் கீழே வந்தால்தான் சுற்று முடியும். 2 மில்லிஆம்பியரில் பம்பு ஓடாது, ஆனால் மாடி வரைக்கும் கம்பி அறுபடாமல் இருக்கிறது என்பதற்கு அந்த ஒளி சாட்சி.

என் முதல் விளக்கு மூன்று வாரம் எரிந்தது. நான்காவது வாரம் இறந்தது. பம்பு ஓடியது, சுவிட்ச் நன்றாக இருந்தது, ரெசிஸ்டரும் சரி. காரணம் பம்பின் சுருள். கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்காது. சுவிட்சைத் திறந்ததும் வேறு வழி தேடும். இணையாக நின்ற எல்இடிதான் அதற்குக் கிடைத்த வழி, அதுவும் எதிர்த் திசையில். சாதாரண எல்இடி எதிர்த் திசையில் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. எவ்வளவு வரும் என்பதை, இதேபோல் சுருளுள்ள ஒரு ரிலேயை, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சை, வைத்துக் கணக்கிடலாம். 12 வோல்ட் சிறு ரிலேயின் சுருள் 400 ஓம் என்றால் அதில் ஓடுவது 30 மில்லிஆம்பியர். சுவிட்ச் திறந்த கணத்தில் அந்த 30 மில்லிஆம்பியரும் நூல் கணக்கு சொல்லும் 1000 ஓம் வழியாகப் போக முயன்றால், ரெசிஸ்டரில் மட்டும் 30 வோல்ட் எழும். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் எல்இடி பின்பக்கமாக அடி வாங்குகிறது. பம்பில் ஓடுவதோ அதைப்போல் இருபது மடங்கு.

மருந்து ஒரு 1என்4007 டையோடு. பம்பின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே, வெள்ளிக்கோடு நேர்முனைப் பக்கம் இருக்கும்படி தலைகீழாக வைத்தால் போதும். பம்பு ஓடும்போது அது சும்மா இருக்கும். அணைக்கும் கணத்தில் சுருளின் மின்னோட்டம் அதன் வழியாகச் சுற்றி அடங்கும், எல்இடிக்குப் போவது ஒரு வோல்ட் அளவுக்கு மேல் இராது.

பொம்மை மோட்டார் ஒன்றில் இறக்கை மாட்டி இதே இணைப்பைக் கொடுத்துப் பாருங்கள். சுவிட்சை அணைத்ததும் எல்இடி உடனே அணையாது. இறக்கை வேகம் குறையக் குறைய ஒளியும் மெல்ல மங்கும். சுழலும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி எல்இடிக்கு ஊட்டுகிறது. முதல் உதைப்புத்தான் எதிர்த் திசை, பிறகு வருவது நேர்த் திசை. என் மருமகள், எட்டாம் வகுப்பு, இதை முப்பது தடவையாவது போட்டு அணைத்துப் பார்த்திருப்பாள்.

டையோடு வைத்த பிறகு இரண்டாவது எல்இடி மாதக்கணக்கில் எரிந்தது. சித்திரை வெயிலில் ஒருநாள் அம்மா மாடிக்குப் போய்விட்டு வந்து, "லைட்டு எரியுதுடா, செடியெல்லாம் துவண்டு கெடக்கு" என்றார். மேலே போய்ப் பார்த்தேன். பம்புக்குப் போகும் கம்பியின் ஒட்டில் சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப் வெயிலில் பிரிந்து, மழைநீர் புகுந்து, செம்பு பச்சை பூத்துப் பொடியாகியிருந்தது. எத்தனை நாளாக என்று தெரியாது. கீழே விளக்கு ஒவ்வொரு காலையும் ஒழுங்காக எரிந்தது. அது பொய் சொல்லவில்லை. சுவிட்ச் போட்டாயிற்று என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பம்பு ஓடுகிறது என்று அதைப் படித்தவர்கள் நாங்கள். வெண்டைக்காய்ச் செடிகள் இரண்டு பிழைக்கவில்லை. அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

இதே தவறு 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணிக்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாவது அலகில் நடந்தது. நீராவி உண்டாக்கும் பகுதிக்குத் தண்ணீர் கொடுக்கும் பம்புகள் நின்றன, உலையில் அழுத்தம் ஏறியது, அதைத் தணிக்கும் வால்வு தானாகத் திறந்தது. அழுத்தம் இறங்கியதும் மூடிக்கொள்ள வேண்டிய வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கான விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் நம்பினார்கள். அந்த விளக்கோ வால்வோடு இணைக்கப்படவில்லை; வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறதா என்பதோடு இணைக்கப்பட்டிருந்தது. மூடு என்ற கட்டளை போய்விட்டது, விளக்கு அணைந்தது. உலோகம் நகர்ந்ததா என்பதை யாரும் அதனிடம் கேட்டிருக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல், அந்தக் குழாயின் வேறொரு வால்வை மூடும் வரை, குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் கருப்பகுதியில் ஏறக்குறையப் பாதி உருகியது.

விளக்கு எரியாமல் இருப்பதையும் இப்படித் தவறாகப் படிக்க முடியும். 1972 டிசம்பர் 29 இரவு மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. சக்கரம் இறங்கியிருந்தது, பல்புதான் போயிருந்தது. விமானிகளின் கவனமெல்லாம் அந்த பல்பின் மேல் இருந்தபோது விமானம் மெல்லத் தாழ்ந்து எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. 101 பேர் இறந்தார்கள்.

இதையெல்லாம் படித்தவன்தான் நான். ஆனாலும் வெண்டைச் செடிகளைப் பார்த்த பிறகுதான் என் சுவிட்சின் பின்பக்கத்தைத் திரும்பத் திறந்தேன்.

பம்பு வரை இன்னொரு கம்பி இழுக்காமல், சமையலறையில் இருந்தபடியே பம்பில் மின்னோட்டம் ஓடுவதை அறிய முடியுமா? முடியும். தொடர் சுற்றில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றே. மாடியில் கம்பி அறுந்தால் சமையலறையிலும் ஓட்டம் நிற்கும். ஆகவே வோல்ட்டைப் பார்க்கும் விளக்கை எடுத்துவிட்டு ஓட்டத்தைப் பார்க்கும் விளக்கை வைத்தேன். சுவிட்சுக்குப் பின்னால், பம்புக்குப் போகும் நேர்முனைக் கம்பியை வெட்டி, மூன்று 1என்5408 டையோடுகளை வரிசையாக, கோடு பம்பைப் பார்த்திருக்கும்படி பற்றவைத்தேன். இவை 3 ஆம்பியர் தாங்குபவை. 0.6 ஆம்பியர் ஓடும்போது ஒவ்வொன்றும் முக்கால் வோல்ட் சொச்சம் பிடித்துக்கொள்ளும். மூன்றுக்கும் சேர்த்து 2.3 வோல்ட் அளவில். அந்த மூன்றுக்கும் குறுக்கே சிவப்பு எல்இடியும் 100 ஓம் ரெசிஸ்டரும். நேர்மின்வாய் சுவிட்ச் பக்கம், எதிர்மின்வாய் பம்பு பக்கம். மிச்சமாகும் 0.4 வோல்ட்டில் 4 மில்லிஆம்பியர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. கம்பி அறுந்தால் டையோடுகளில் ஓட்டம் இல்லை, வோல்ட் இல்லை, விளக்கும் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. பம்புக்கு 12 வோல்ட்டுக்குப் பதில் 9.7தான் போகும். டையோடுகள் வெதுவெதுப்பாகும். சொட்டுநீருக்கு அந்த வேகம் போதும், எனக்கு அது நியாயமான விலையாகவே பட்டது.

"செவப்பு எரிஞ்சா ஏதோ ஆபத்து மாதிரி இருக்கு, பச்சை வையேன்" என்றார் அம்மா. வைக்கப் பார்த்தேன். இன்றைய பளிச்சென்ற பச்சை எல்இடிக்கு 3 வோல்ட் வேண்டும், 2.3 வோல்ட்டில் அது கண் திறக்கவில்லை. பழைய காலத்து இலைப்பச்சை எல்இடி 2.1 வோல்ட்டில் எரியும், அதுவும் இங்கே மங்கலாகத்தான் தெரிந்தது. சிவப்பே நிற்கட்டும் என்று அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

மின்னோட்டம் ஓடினால் தண்ணீர் ஓடுவதாகுமா? டிரம் காலியானாலும் பம்பு உறுமிக்கொண்டு ஓடும், விளக்கும் எரியும். அதற்காக டிரம்மின் அடியில் மிதவை சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினேன். மிதவைக்குள் காந்த வளையம், நடுத் தண்டுக்குள் கண்ணாடிக் குழாயில் அடைத்த இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். நீர் இறங்கி மிதவை கீழே வந்ததும் காந்தம் நாக்குகளை ஒட்டவைக்கும். அந்த மென்மையான தொடுமுனையில் பம்பின் மின்னோட்டத்தை விட நான் துணியவில்லை, 4.7 கிலோஓமோடு ஒரு மஞ்சள் எல்இடிக்கு வேண்டிய 2 மில்லிஆம்பியர் மட்டும் அதன் வழியாக வருகிறது. இதற்குக் கூடுதலாக ஒரு கம்பி மாடியிலிருந்து இறங்கியது. ஒட்டுகளை இம்முறை டேப் சுற்றாமல், பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டு, வாய் கீழ்நோக்கிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூடினேன்.

இப்போது சமையலறைச் சுவரில் இரண்டு விளக்குகள். காலையில் காபி ஆற்றிக்கொண்டே அம்மா சுவிட்சைப் போடுகிறார். சிவப்பு எரிகிறது, மஞ்சள் எரியவில்லை. காபியைக் குடித்து முடித்ததும் ஒரு குண்டூசியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். மூன்றாவது வரிசையில் கத்தரித் தொட்டியின் சொட்டுவாயில் உப்புப் படிந்து அடிக்கடி அடைத்துக்கொள்கிறது.